மெக்சிகோ கடையில் ஒரு போணி

தொண்ணூறுகளின் பிற்பகுதி. மே மாதம் முடியப்போகிறது, பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு சின்னக் கடையில் நானும் என் தோழியும் மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். போனோம், சாப்பிட்டோம், வந்தோம். யாராவது கேட்டால் இவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் அன்றைக்கு நடந்ததை என்னால் இன்று வரை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அப்போது நான் சேலையூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருந்தேன். தோழியும் முன்பு அதே பள்ளியில்தான் வேலை பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் திருத்தி, ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள். கல்யாணமாகிப் பையன் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, இரும்புலியூரில் மாமனார் மாமியாரோடு இருந்தாள்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அவள் கணவர் இறந்துபோனார். வேலை முடிந்து வந்தவர் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்திருக்கிறார். ஒரு மின்சார ரயில் போகட்டும் என்று காத்திருந்து, அது போனதும் காலை எடுத்து வைத்திருக்கிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்ததைக் கவனிக்கவில்லை. அந்த வழியாகத்தான் ஊரே கடந்தது. நானும் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அந்த வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. "நீ சின்னப் பொண்ணு, உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு. பேரன் எங்ககிட்ட இருக்கட்டும்" என்று. அண்ணனுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமம், அவருக்கே வரிசையாக மூன்று பெண் குழந்தைகள். மாமனார் மாமியாரைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே மகனைப் பறிகொடுத்தவர்கள். பேரனையாவது கையை விட்டுப் போகாமல் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஆனால் அதற்கு இவளுடைய பிள்ளையை இவளிடமிருந்து பிரிக்க வேண்டும். சொந்தக்காலில் நிற்கிறேன், பிள்ளையை நானே வளர்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு வேலை இருந்தே ஆகவேண்டும்.

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. நான் தலைமையாசிரியை பின்னாலேயே நடந்து, கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். "வந்தா பாக்கறேன். வரலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று தோழி மதியமே வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வெளுத்த நிறத்தில் ஒரு புடவை. நெற்றி வெறுமை, கழுத்து வெறுமை. கணவர் போன பிறகு அவள் தனியாகத் தெருவில் கால் வைப்பதே அன்றுதான் முதல் முறை. காலையில் சாப்பிட்டாயா என்றால் இல்லை என்று தலையாட்டினாள். அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சம் இருந்தால்தான் அவளுக்கு. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லையாம், அதுவாகவே அப்படி ஆகிவிட்டதாம். இவள் இந்தக் கோலத்தில் போய்த் தலைமையாசிரியை முன்னால் மயங்கி விழுந்து வைக்கப் போகிறாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"முதல்ல சாப்பிடலாம் வா" என்றேன். விடுதியில் வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். கேம்ப் ரோட்டில் நல்ல ஹோட்டல்கள் இருந்தன, ஆனால் அவள் வர மறுத்தாள்.

"யாராவது தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்கடி. நாலு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள ஹோட்டல்ல உட்கார்ந்து சாப்பிடறான்னு வீட்டுக்குப் போய்ச் சொல்லிடுவாங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு மெக்சிகோ கடை ஞாபகம் வந்தது. அங்கே ஒருவர்கூடச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அதைக் கடை என்று சொல்வதே பெரிய மனசு. ஒரு வீட்டின் முன்பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இறக்கி, இரண்டு மேஜை, நான்கைந்து ஸ்டூல் போட்டிருந்தார்கள். வெளியே பெயின்ட்டில் எழுதிய போர்டு, அதில் ஒரு மீசைக்காரனும் அவன் தலையில் ஒரு தொப்பியும். தொப்பி என்று அவர்கள் சொன்னார்கள். பார்க்க முறத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. விடுதியில் நாங்கள் அந்தக் கடையைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது. கேம்ப் ரோட்டில் மெக்சிகோ சாப்பாடு யார் கேட்டார்கள்? பரோட்டா போட்டிருந்தால் கூட்டம் அலைமோதியிருக்கும். ஆனால் அன்று அந்தக் கிண்டலே எனக்கு ஒரு வழியைக் காட்டியது. ஊர் பேர் தெரியாத சாப்பாடு, நம் ஊர்க் கண்கள் அங்கே இருக்காது என்று நினைத்தேன்.

உள்ளே நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். சாப்பாட்டு நேரத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கூட வேலை பார்த்த மெக்சிகோக்காரன் ஒருவன் சொல்லிக்கொடுத்த சமையலாம். எங்களைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"உக்காருங்க சிஸ்டர். சோள ரொட்டி, உள்ள கறி, மேல தக்காளி வெங்காயம். சோளத்த சுண்ணாம்புத் தண்ணில வேக வச்சி அரைக்கறது. வெத்தலைக்குப் போடறோமே, அதே சுண்ணாம்புதான். பயந்துடாதீங்க, நல்லா இருக்கும்" என்று அடுப்படியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

தோழி லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தே மாதக்கணக்கில் ஆகியிருந்தது. சரியான இடத்துக்குத்தான் கூட்டி வந்திருக்கிறோம் என்று எனக்குப் பெருமைகூட வந்தது.

கல்லாவில் அவர் மனைவி. எங்களைவிட இளையவள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. அடுப்பு எரிகிறது, கறி வாசனை வருகிறது, சாப்பாடு மட்டும் வரவில்லை. அவள் வாசலுக்குப் போய் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள். உள்ளே வந்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள். கடைக்காரர் ரொட்டி ஒன்றைக் கல்லில் போட்டார். அவள் அவர் பக்கத்தில் போய் ஏதோ முணுமுணுத்தாள். அவர் அந்த ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்து மூடிவிட்டார்.

"என்னண்ணா, லேட்டாகுமா? எங்களுக்கு மூணு மணிக்கு வேலை இருக்கு" என்றேன்.

"இதோ ஆயிடுச்சி சிஸ்டர்" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் எங்கள் மேஜைக்கு வந்தாள். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, "யக்கா, நீங்க சர்ச்சுக்குப் போறவங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். நான் கிறிஸ்தவக் குடும்பம். பொட்டு வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. தாம்பரம் பக்கம் பொட்டில்லாத நெற்றி ஒன்றும் அதிசயமில்லை.

அவள் தோழியைப் பார்த்தாள். "இவங்களும் அப்டித்தானே?" என்றாள். அவள் கேட்ட விதத்திலேயே, ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் என்ற கெஞ்சல் இருந்தது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் போயிற்று. பொய்தான், ஆனால் யாருக்கு என்ன நஷ்டம்? நான் வாயைத் திறப்பதற்குள் தோழி சொல்லிவிட்டாள்.

"இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் தவறிட்டாரு."

குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் தொங்கிப்போயிற்று. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

அவள் என் பக்கமாகக் குனிந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இன்னிக்கி இன்னும் போணியே ஆவல. நேத்து ஒரு ஆள்கூட வர்ல. எங்கம்மா மீன் கூடை தூக்கினு போவும். மொத போணி யாரு கைன்னு பாத்துதான் கூடையே எறக்கும். கப்பல்ல சம்பாரிச்ச துட்டு மொத்தத்தியும் இவரு இதுலதான் போட்டுகீறாரு. நீங்க மட்டும் மொதல்ல எதுனா வாங்கி துட்டு குடுத்துடுங்கக்கா. அப்பால அவங்களுக்கு நானே என் கையால வைக்கறேன்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் கேட்கவே வேண்டாம். எழுந்துவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்பது முழுதாக ஞாபகமில்லை. சோறு விற்கிற இடத்தில் ஆள் பார்த்துச் சோறு போடுவீர்களா என்றேன். அப்படியே கடைக்காரர் பக்கம் திரும்பி, "உலகமெல்லாம் சுத்திட்டு வந்தீங்களே, இதைத்தான் கத்துக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே, "எனக்கு அதுலலாம் நம்பிக்கை இல்ல சிஸ்டர். ஆனா கடை படுத்துச்சின்னா, நான் சொன்னனே நீ கேட்டியான்னு இவ ஆயுசுக்கும் சொல்லிகினு இருப்பா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு தோழியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"உட்காருடி" என்றாள். "நீயே போணி பண்ணு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"எனக்குப் பசிக்குது. மூணு மணிக்கு அந்தம்மா முன்னாடி நிக்கணும். நீ கோவிச்சுக்கிட்டு எழுந்து போனா உனக்கு இன்னொரு கடை இருக்கு. நான் எங்க போவேன்? அங்கயும் இதே நெத்தியோடதானே போகணும்? போணி பண்ணு, போ."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. இருந்தாலும் அவள் சொன்னதைச் செய்தேன். ஒரு எலுமிச்சை ஜூஸ் கேட்டு, கையிலிருந்த ரூபாயை நீட்டினேன். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுப்பைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கல்லாவில் போட்டாள். ஜூஸ் வந்தது. தோழி எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அதைக் குடித்த அந்த நிமிஷம் இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது.

"குடி, குடி. முழுசாக் குடிச்சிடு" என்றாள். அவளுக்கு அதில் ஏன் அவ்வளவு அவசரம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பசிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

டம்ளரைக் கீழே வைத்ததும் சாப்பாடு வந்தது. மடித்த சோள ரொட்டிக்குள் கறி, மேலே பொடிப்பொடியாக நறுக்கிய தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி. பக்கத்தில் மசித்த ராஜ்மா. கடைக்காரரே கொண்டுவந்து வைத்தார். கேட்டதற்கு மேல் இரண்டு ரொட்டி சேர்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மனைவி சொன்னபடி தன் கையாலேயே தோழிக்கு எடுத்து எடுத்து வைத்தாள். "இன்னும் கொஞ்சம் வச்சிக்கோங்கக்கா" என்று அப்படி ஓர் உபசரிப்பு. சற்று முன்னால் இதே பெண்தான் அப்படிப் பேசினாளா என்று இருந்தது. அவளை வெறுக்கவாவது முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தோழி சாப்பிட்டாள். நிதானமாக, ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். என்னால் ஒரு ரொட்டிக்கு மேல் முடியவில்லை. என் தட்டில் இருந்ததையும் இழுத்துவைத்துக்கொண்டு சாப்பிட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டும், சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது. கடைசியில் பையனுக்கு ஒன்று காரமில்லாமல் கட்டித் தரச் சொல்லி, பணத்தை அவளே கொடுத்தாள். கடைக்காரி மறுபேச்சில்லாமல் அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். போணிதான் ஆகிவிட்டதே, இனி எந்தக் கையாக இருந்தால் என்ன!

மூன்று மணிக்குத் தலைமையாசிரியை முன்னால் அவள் நின்ற நிலையை நான் எதிர்பார்க்கவே இல்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னாள். வேலை கிடைத்தது. வீட்டில் பெரிய ரகளை நடந்தது. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, சேலையூரிலேயே ஒற்றை அறை ஒன்று பார்த்துப் பையனோடு வந்துவிட்டாள். மாமனார் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாசலிலேயே நின்று பேரனைப் பார்த்துவிட்டுப் போவார்.

நான் விடுதியில் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. அவமானத்தையும் சேர்த்து மென்று விழுங்கிவிட்டு வேலை வாங்கியவள், என்ன மனத்திடம் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவேன். எனக்கு வந்த கோபம் வேறு இடத்தில் சாப்பிட முடிகிறவளின் கோபம், அவளுக்கு அந்த வசதிகூட இல்லை என்பதுதான் நான் கற்ற பாடம் என்று நினைத்திருந்தேன். அத்தோடு இது முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அரையாண்டுத் தேர்வு நேரத்தில் ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். மெக்சிகோ கடை இல்லை. போர்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார்கள். எனக்குள் ஒரு குரூர சந்தோஷம், மறைக்காமல் சொல்கிறேன். மறுநாள் ஆசிரியர் அறையில் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கும்போது தோழியிடம், "விஷயம் தெரியுமா? அந்தக் கடையை மூடிட்டாங்க. என்னமோ போணி போணின்னு ஆடினாங்களே" என்றேன்.

அவள் கையிலிருந்த சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

"எப்போ மூடினாங்க?"

"தெரியலை. நேத்துதான் பார்த்தேன்."

"அன்னைக்கு நீதானே முதல்ல காசு குடுத்தே?"

"ஆமா. ஏன்?"

"நீ ஜூஸை முழுசாக் குடிச்சு முடிச்சப்புறம்தானே நான் வாயில வச்சேன்? நல்லா ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்குடி. அதுக்கென்ன இப்போ?"

அவள் திருத்திய பேப்பர்களை அடுக்கி நேராக்கினாள். பிறகு, "அப்போ என்னால இல்ல" என்றாள். பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, மறுபடி பேப்பர் திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

அவள் பி.எஸ்சி. கணக்குப் படித்தவள். மாமியார் "நீ வந்த நேரந்தான் என் பையனைக் கொண்டுபோச்சு" என்று நேருக்கு நேர் சொன்னபோதுகூட எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். காதில் போட்டுக்கொண்டது மட்டுமில்லை, உள்ளே இறக்கி வைத்திருந்திருக்கிறாள். அன்று என்னைப் போணி பண்ணச் சொன்னது பசிக்காக மட்டும் இல்லை. தன் கை பட்டால் அந்தக் கடைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அந்தக் கடைக்காரியைவிட அதிகமாகப் பயந்தவள் அவள்தான்.

"அதெல்லாம் மூடத்தனம்டி, உன் படிப்புக்கு இது அழகா?" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவாள். ஆனால் எங்கள் பள்ளியில் யாருக்காவது குழந்தை பிறந்தால் எல்லோரும் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் போவாள். புது வண்டி யார் வாங்கினாலும் பின்னால் ஏற மாட்டாள். யாரும் அவளைத் தடுத்ததில்லை, அவளேதான் ஒதுங்கி நின்றாள்.

இப்போது அவள் பையன் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான், அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. அந்தக் கடைக்காரி அவளைப் பார்த்துப் பயந்ததற்கு அன்றைக்கே எழுந்து நின்று கத்தி என் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டேன். அவள் தன்னைப் பார்த்துத் தானே பயந்துகொண்டிருப்பதற்கு யாரிடம் போய்க் கத்துவது என்றுதான் இன்று வரை எனக்குத் தெரியவில்லை.